ஏறுவது எப்போது, இறங்குவது எப்போது?

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில், இந்நாள் மாணவர்கள் முன் பேசியதின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன மாதம் போனில் கூப்பிட்டு, "உங்க துறை அனுபவத்தைப் பத்தி இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். என் துறை பம்பு வடிவமைப்பு. பம்பைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் முன்வரிசையிலேயே நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால், "சார், நான் சீட்டாட்டத்தைப் பத்திப் பேசட்டுமா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கணக்கு வருமா?" என்றார். "கணக்குத்தான் சார் முழுக்க." "அப்ப சரி, பேசுங்க." (சிரிப்பு)

நான் சொல்லப்போவது இணையத்தில் பணம் கட்டி ஆடும் போக்கர் போட்டிகளைப் பற்றி. 2016 முதல் 2019 வரை, இங்கிலாந்தில் வேலை பார்த்தபோது ஆடினேன். அங்கே அது உரிமம் பெற்று நடக்கும் தொழில். இங்கே நிலைமை வேறு. தமிழ்நாட்டில் 2022-ல் ஒரு தடைச்சட்டம் வந்தது. அதில் ரம்மியையும் போக்கரையும் சேர்த்தது செல்லாது, அவை திறமை ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் அத்தனையையும் தடை செய்து சட்டம் இயற்றிவிட்டது. ஆகவே யாரும் இதைக் கேட்டுவிட்டு விடுதி அறைக்குப் போய் ஆட முடியாது, ஆடச் சொல்லவும் நான் வரவில்லை. அந்த ஆட்டத்தில் ஒரு கேள்வி எனக்கு மூன்று வருடம் தூக்கத்தைக் கெடுத்தது. சின்னப் பந்தயத்தில் ஜெயித்துக்கொண்டிருக்கிறவன், பெரிய பந்தயத்துக்கு எப்போது ஏற வேண்டும்? அதைத்தான் பேசப்போகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம். 180 பேர் சேருகிறார்கள். ஒவ்வொருவரும் 11 டாலர் கட்டுகிறார்கள். அதில் 10 பரிசுப் பணத்துக்கு, 1 நடத்துகிறவருக்கு. எல்லோருக்கும் ஒரே அளவு சிப்ஸ். கட்டாயப் பந்தயம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கூடிக்கொண்டே போகும். அதனால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. சிப்ஸ் தீர்ந்தவர் வெளியே. பரிசு கடைசி 18 பேருக்கு மட்டும். மொத்தம் 1,800 டாலரில் முதல் ஆளுக்கு 30 சதவீதம், அதாவது 540. இரண்டாவதுக்கு 20 சதவீதம், 360. மூன்றாவதுக்கு 214. அப்படியே சரசரவென்று இறங்கி, பத்தாவது இடத்திலிருந்து பதினெட்டாவது வரை ஆளுக்கு 21 டாலர் 60 சென்ட். மீதி 162 பேருக்கு ஒன்றும் கிடையாது. பத்துக்கு ஒன்பது பேர் வெறுங்கையோடுதான் எழுந்து போவார்கள். நன்றாக ஆடுகிறவரும் பெரும்பாலான இரவுகளில் அந்த ஒன்பது பேரில் ஒருவர்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நான் 2016 ஏப்ரலில் 50 டாலரோடு தொடங்கினேன். ஷெஃபீல்டு நகரில் ஒரு வீட்டின் மாடியறை. குளிர்காலத்தில் வெளியே நாலரை மணிக்கே இருட்டிவிடும் ஊர். 2 டாலர் 20 சென்ட் ஆட்டத்தில் ஆரம்பித்து, பிறகு ஐந்தரை டாலர். கையில் 400 சேர்ந்ததும் 11 டாலர் ஆட்டத்துக்கு ஏறினேன். ஏன் 400? ஒரு காரணமும் இல்லை. முழு எண்ணாக இருந்தது, அவ்வளவுதான். அடுத்த வருடம் செப்டம்பருக்குள் 900 ஆனது.

அந்த செப்டம்பரில் ஒரே வாரத்தில் ஒரு முதல் பரிசு, ஒரு இரண்டாம் பரிசு. 540-ம் 360-ம். இடையில் தோற்ற கட்டணம் போக, கையிருப்பு 1,700-ஐத் தொட்டது. அந்த வாரம் நான் நடந்த நடையே வேறு. அலுவலகத்தில் பம்பு வரைபடத்தைப் பார்க்கும்போதே மனதுக்குள், 'நாம இங்க இருக்க வேண்டிய ஆளே இல்ல' என்று ஓடும். அன்று இரவே 22 டாலர் ஆட்டத்துக்கு ஏறினேன்.

நாற்பது போட்டி ஆடினேன். மூன்று முறை கடைசிப் பரிசு கிடைத்தது. ஏறத்தாழ 750 டாலர் போய், கையில் 950 நின்றது. இந்த இடத்தில் மறுபடி 11-க்கு இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. இறங்குவது அவமானமாக இருந்தது. யார் பார்க்கப்போகிறார்கள்? ஒருவரும் இல்லை. பூட்டிய அறையில், முகம் தெரியாத ஆட்கள் மத்தியில், புனைபெயரில் ஆடும் ஆட்டத்தில் எனக்கு மானப் பிரச்சினை! "கீழே போனா மீட்க ஆறு மாசம் ஆகும், மேலே போனா ஒரே ராத்திரி" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு 55 டாலர் ஆட்டத்தில் உட்கார்ந்தேன். 950-ஐ 55-ஆல் வகுத்தால் பதினேழு போட்டி. பதினேழிலும் ஒரு பரிசும் இல்லை. மூன்று இரவு.

சதி என்று நினைத்தேன். கணக்கு என்ன தெரியுமா? ஒரு போட்டியில் பரிசு கிடைக்காமல் போகும் வாய்ப்பு பத்தில் ஒன்பது. 0.9-ஐப் பதினேழு தடவை பெருக்கிப் பாருங்கள், 0.167 வரும். ஆறில் ஒருவருக்கு சாதாரணமாக நடக்கக்கூடியது. பகடையில் ஒரு எண் விழுவது மாதிரி. என் முதல் மொத்தத்தையும் நான் ஒரு பகடை உருட்டலுக்கு வைத்திருந்தேன்.

அதோடு நின்றிருந்தால் இது ஒரு வேடிக்கைக் கதை. நிற்கவில்லை. நவம்பரில் என் தங்கைக்கு வளைகாப்பு. ஊருக்கு வர விமான டிக்கெட்டுக்கென்று 600 பவுண்டு தனியாக எடுத்து வைத்திருந்தேன். அதைக் கட்டினேன். பத்து நாளில் அதுவும் போனது. தங்கைக்குப் போன் செய்து, "லீவு கிடைக்கலம்மா" என்றேன். "பரவால்ல அண்ணா, குழந்தை பொறந்தப்புறம் வா" என்றாள்.

இந்த உரையை எழுத உட்கார்ந்தபோதுதான், போன மாதம், அவளிடம் உண்மையைச் சொன்னேன். ஊரார் முன் சொல்வதற்கு முன்னால் அவளிடம் சொல்ல வேண்டாமா? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கேட்டிருந்தா டிக்கெட் நான் போட்டிருப்பேனே" என்றாள். அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மூன்று மாதம் அந்தத் தளத்தின் பக்கமே போகவில்லை. பிறகு, எங்கே தப்பு நடந்தது என்று பார்க்க, பழைய பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்தேன். இனிமேல் சொல்வது அந்தக் கணக்கு. இதே கட்டடத்தில் மூன்றாம் ஆண்டில் நிகழ்தகவு பாடம் எடுத்த சார் இங்கே வந்திருக்கிறார். சார், நான் வகுப்புக்கு வராத நாட்களுக்கு இன்று வருகைப் பதிவு போட்டுவிடுங்கள்.

நன்றாக ஆடும் ஒருவர், கட்டிய ஒவ்வொரு 100 டாலருக்கும் சராசரியாக 20 டாலர் லாபம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 11 டாலர் ஆட்டத்தில் அது போட்டிக்கு 2 டாலர் 20 சென்ட். இது சராசரி. பிளஸ் டூவில் படித்த திட்ட விலக்கம் ஞாபகம் இருக்கிறதா? மேலே சொன்ன பரிசு வரிசைக்கு அதைக் கணக்கிட்டால் போட்டிக்குச் சுமார் 60 டாலர் வருகிறது. லாபம் இரண்டு ரூபாய், ஆட்டம் காணுவது அறுபது ரூபாய்! மெல்லிய குரலில் ஒருவர் பேச, பக்கத்தில் கொட்டு மேளம் அடிப்பது மாதிரி.

போட்டிகள் கூடக் கூட லாபம் எண்ணிக்கையோடு சேர்ந்து வளரும். இரைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடுதான் வளரும். ஆகவே என்றாவது குரல் மேளத்தை மிஞ்சும். எப்போது என்பதுதான் கேள்வி. 100 போட்டிக்குப் பிறகு எதிர்பார்க்கும் லாபம் 220, திட்ட விலக்கம் 600. ஒன்றுமே தெரியாது. 1,000 போட்டிக்குப் பிறகு லாபம் 2,200, திட்ட விலக்கம் சுமார் 1,900. இப்போதுதான் லேசாகக் காதில் விழுகிறது. அப்போதும்கூட, உண்மையிலேயே நன்றாக ஆடும் அந்த மனிதர் எட்டில் ஒரு வாய்ப்பில் நஷ்டத்தில் நிற்பார்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். திறமை எதுவும் இல்லாமல், மற்றவர்களுக்குச் சமமாக ஆடி, நடத்துகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு டாலரைத் தாரை வார்க்கும் ஆள். நூறு போட்டிக்குப் பிறகு இவர் லாபத்தில் இருக்க வாய்ப்பு என்ன? மூன்றில் ஒன்றுக்கு மேல். அந்த மூன்றில் ஒருவரிடம் போய், "ஐயா, உங்களுக்கு ஆட்டம் வராது" என்று சொல்லிப் பாருங்கள். தன் கையிருப்பைக் காட்டுவார். நீதிமன்றம் திறமை ஆட்டம் என்று சொன்னது சரிதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் திறமை வெளியே தெரிய ஆயிரம் போட்டி வேண்டும். தோற்கிறவர் கையில் ஆயிரம் போட்டிக்குப் பணம் இருப்பதில்லை. முந்நூறாவது போட்டியில் அவர் நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போய்க்கொண்டிருப்பார்.

என் பதிவை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். 11 டாலர் ஆட்டத்தில் 412 போட்டி. லாபம் 1,300. நூற்றுக்கு 29 டாலர்! நான் ஏறியதற்குக் காரணமே இந்த எண்தான். ஆனால் 412 போட்டிக்குத் திட்ட விலக்கம் சுமார் 1,200. அதாவது என் உண்மையான திறமை நூற்றுக்கு 2-ஆக இருக்கலாம், 55-ஆகவும் இருக்கலாம், அந்த வரம்புக்கு வெளியேகூட இருக்கலாம். அந்த ஒரு வாரத்து இரண்டு பரிசை எடுத்துவிட்டால் மிச்சம் 400, நூற்றுக்கு 9. நான் மலை ஏறினேன் என்று நினைத்தேன். மலை இருக்கிறதா என்றே அப்போது தெரியவில்லை.

சரி, எவ்வளவு முதல் இருந்தால் ஒரு படியில் ஆடலாம்? இதற்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் ஜான் கெல்லி என்பவர் 1956-ல் எழுதிய கட்டுரை. அவர் யோசித்தது தொலைபேசிக் கம்பியில் வரும் இரைச்சலைப் பற்றி. அதே ஆய்வகத்தில் 1948-ல் கிளாட் ஷானன் வகுத்த தகவல் கோட்பாட்டை எடுத்துக்கொண்டு, நிச்சயமில்லாத செய்தியை வைத்துப் பந்தயம் கட்டுகிறவன் எவ்வளவு கட்டினால் அவன் பணம் நீண்ட காலத்தில் வேகமாக வளரும் என்று கண்டுபிடித்தார். நமக்கு வேண்டிய அளவில் அதைச் சுருக்கிச் சொன்னால், திட்ட விலக்கத்தின் வர்க்கத்தைச் சராசரி லாபத்தால் வகுக்க வேண்டும். 60-இன் வர்க்கம் 3,600. அதை 2.2-ஆல் வகுத்தால் 1,636. ஆக, 11 டாலர் ஆட்டத்துக்கு 1,650 டாலர் முதல், அதாவது 150 நுழைவுக் கட்டணம். நான் 400-ஓடு ஏறினேன் என்றேனே, அது 36 கட்டணம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கரும்பலகையில் எழுதுகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

11-லிருந்து 22-க்கு ஏறினால் முதலும் இரட்டிப்பானால் போதும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். 1,650-க்குப் பதில் 3,300. எதிரே உட்கார்ந்திருப்பவர் அதே ஆளாக இருந்தால் அது சரி. ஆனால் ஆள் மாறுகிறார். 2 டாலர் மேசையில் பாதிப் பேர் டிவி பார்த்துக்கொண்டு ஆடுபவர்கள். 22 டாலர் மேசையில் இருப்பவர்கள் நம்மைப் போலவே நோட்டுப் போட்டு எழுதி வைப்பவர்கள். கீழே நூற்றுக்கு 20 எடுத்தவர் மேலே 10 எடுத்தால் நல்ல ஆட்டக்காரர். சரி, 22-இல் நூற்றுக்கு 10 என்றால் போட்டிக்கு எவ்வளவு? 2 டாலர் 20 சென்ட். கீழே கிடைத்த அதே 2 டாலர் 20 சென்ட்! திட்ட விலக்கம் மட்டும் 60-லிருந்து 116-க்குப் போய்விட்டது. வர்க்கம் எடுத்து 2.2-ஆல் வகுத்தால் 6,100-க்கு மேல் வருகிறது. வருமானத்தில் ஒரு பைசா கூடவில்லை. வேண்டிய முதல் ஏறத்தாழ நாலு மடங்கு.

இதை நான் முதலில் காகிதத்தில் பார்த்த இரவு, தப்பாகப் போட்டுவிட்டேன் என்று மூன்று தடவை சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. திறமையின் விகிதம் பாதியாகும் இடத்துக்கு ஏறுவது, அதே சம்பளத்துக்கு நாலு மடங்கு ஜாமீன் கட்டுவது. பதவி உயர்வு என்று பெயர்.

'கிறிஸ் மணிமேக்கர் ஏறவில்லையா?' என்று சிலருக்குத் தோன்றும். டென்னசியில் கணக்கராக இருந்தவர், இணையத்தில் 86 டாலர் தகுதிப் போட்டி ஆடி, 2003-ல் 10,000 டாலர் நுழைவுக் கட்டணமுள்ள உலகத் தொடரின் முக்கியப் போட்டிக்குப் போய், 25 லட்சம் டாலர் ஜெயித்தார். உண்மைதான், இணைய போக்கர் உலகமெங்கும் பரவியதற்கே அவர் ஒரு காரணம். அந்தப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர். மற்ற 838 பேரின் கதையை யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்குப் பிடித்த ஆள் கிறிஸ் ஃபெர்குசன். 2000-ல் அதே முக்கியப் போட்டியின் சாம்பியன். அவர் 2006-ல் ஒரு பரிசோதனை செய்தார். ஒரு காசும் போடாமல், இலவசப் போட்டிகளில் கிடைத்த சில்லறையில் தொடங்கி 10,000 டாலர் வரை வளர்த்தார். பெரிய போட்டி எதற்கும் கையிருப்பில் 2 சதவீதத்துக்கு மேல் கட்ட மாட்டேன் என்பது அவர் விதி. கையிருப்பு குறைந்தால் தயங்காமல் கீழ் மேசைக்குப் போய்விடுவார். உலக சாம்பியன், சில்லறை கட்டியவர்களோடு உட்கார்ந்து ஆடினார்! அவமானம் அவருக்கு இல்லை, எனக்கு இருந்தது. (அவர் பங்குதாரராக இருந்த தளத்தை 2011-ல் அமெரிக்க அரசு முடக்கியதும், ஆட்டக்காரர்களின் பணம் ஆண்டுக்கணக்கில் திரும்பாமல் கிடந்ததும் தனிக் கதை. கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது, பணம் யார் பெட்டியில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.)

நான் 2018 ஜனவரியில் மறுபடி ஆடினேன். 'ஏன்டா?' என்று கேட்பது தெரிகிறது. வீம்புதான், வேறு நியாயம் சொல்ல மாட்டேன். கணக்கு உண்மையா என்று பார்க்க வேண்டும் என்ற வீம்பு. 500 டாலர், அதோடு சரி. அங்கே உரிமம் பெற்ற தளங்களில், மாதம் இவ்வளவுக்கு மேல் கட்ட முடியாது என்று நாமே வரம்பு வைத்துக்கொள்ளலாம். வரம்பைக் குறைப்பது உடனே நடக்கும். கூட்ட வேண்டுமென்றால் குறைந்தது 24 மணி நேரம் காக்க வைப்பார்கள். 500 கட்டியதும் வரம்பை அடிமட்டத்துக்கு இறக்கினேன். அந்த 24 மணி நேரம் முந்தைய அக்டோபரில் எனக்குக் கிடைத்திருந்தால் வளைகாப்புக்கு வந்திருப்பேனோ என்னவோ.

ஏறும் விதியையும் இறங்கும் விதியையும் ஆட ஆரம்பிப்பதற்கு முன்னால், பகல் வெளிச்சத்தில், காபி குடித்துக்கொண்டு எழுதினேன். மேல் படியின் 150 கட்டணம் கையில் இருந்தால், அதோடு இப்போதைய படியில் குறைந்தது 500 போட்டி ஆடி லாபத்தில் இருந்தால், ஏறலாம். கையிருப்பு இருக்கும் படியின் 100 கட்டணத்துக்குக் கீழே போனால், அன்றைக்கே இறங்க வேண்டும். ஏன் இரண்டுக்கும் ஒரே எண் வைக்கவில்லை? வீட்டு ஃபிரிட்ஜைப் பாருங்கள். ஒரு வெப்பநிலையில் கம்ப்ரசர் ஓட ஆரம்பிக்கும், அதைவிடக் குறைந்த இன்னொன்றில் நிற்கும். இரண்டும் ஒரே புள்ளியாக இருந்தால் நிமிடத்துக்கு நிமிடம் ஓடி நின்று கம்ப்ரசர் கெட்டுப்போகும். மனிதனும் அப்படித்தான். தினமும் ஏறி இறங்கினால் மூளை சூடேறிவிடும்.

இன்னொன்று சேர்த்தேன். இரண்டு படிக்கும் இடையில் ஓர் 'எட்டிப் பார்த்தல்'. மேல் படியில் பத்தே பத்து போட்டி. அந்தப் பத்துக் கட்டணம் போனால் கேள்வி கேட்காமல் திரும்பிவிட வேண்டும். பத்துப் போட்டியில் திறமை தெரியாது என்று இப்போதுதான் சொன்னேன். தெரியாதுதான். மேலே ஆள் எப்படி ஆடுகிறார்கள் என்று தெரியும், அந்தத் தொகையைப் பார்த்து நம் கை நடுங்குகிறதா என்றும் தெரியும். சூத்திரத்தில் கை நடுக்கத்துக்கு இடம் இல்லை.

நம் பொறியியல் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. 150 கட்டணம் என்பது கெல்லி கணக்கின் விளிம்பு. அந்த முழு அளவில் ஆடுகிறவர் என்றாவது ஒரு நாள் தன் முதல் பாதியாவதைப் பார்க்க இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அதில் பாதி அளவே ஆடினால், அதாவது 300 கட்டணம் வைத்திருந்தால், அந்த வாய்ப்பு எட்டில் ஒன்று. எனக்கு அது பொழுதுபோக்குப் பணம், பாதியானால் சோறு குறையாது, அதனால் 150-இல் நின்றேன். வயிற்றுப்பாட்டுக்கு ஆடுகிறவருக்கு 300 போதுமா என்பதே சந்தேகம். அதிலும் நம் திறமை நூற்றுக்கு 20 என்பதே ஓர் ஊகம். தாங்க வேண்டிய சுமை சரியாகத் தெரியாத விட்டத்துக்கு நாம் எத்தனை மடங்கு காப்பு வைப்போம் என்று உங்களுக்கே தெரியும்.

பதினேழு மாதம் ஆடினேன். வாரத்துக்கு இரண்டு இரவு, மூன்று மூன்று மணி நேரம், ஒரே சமயத்தில் நாலு மேசை. 2.20-ல் 500 போட்டி, ஐந்தரையில் 750, பதினொன்றில் 800. கீழே நூற்றுக்கு 30 வந்தது, நடுவில் 20, மேலே 12. நான் சொன்ன சரிவு என் நோட்டிலேயே இருந்தது. இரண்டு தடவை 22-ஐ எட்டிப் பார்த்தேன், இரண்டு தடவையும் திரும்பினேன். நடுவில் ஒரு முறை 11-லிருந்து ஐந்தரைக்கு இறங்கவும் வேண்டி வந்தது. முதல் நாள் கசந்தது. இரண்டாம் நாள் ஒன்றுமில்லை.

2019 மே மாதம் ஊர் திரும்பும்போது கையிருப்பு 2,700. போட்ட 500 போக லாபம் 2,200 டாலர். ஜெயித்துவிட்டேன் என்று கைதட்டாதீர்கள், ஒரு வகுத்தல் பாக்கி இருக்கிறது. 440 மணி நேரம். மணிக்கு 5 டாலர். 2018-ல் அங்கே சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம், 25 வயதுக்கு மேற்பட்டவருக்கு, மணிக்கு 7 பவுண்டு 83 பென்ஸ். என் வீட்டு எதிரில் இருந்த மளிகைக் கடையில் இரவு மூட்டை அடுக்கியிருந்தால் இரண்டு பங்கு வந்திருக்கும். கணக்கை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

இந்த உரை முடிந்ததும் மூன்றாம் ஆண்டுத் தம்பி ஒருவர் எழுந்து கேட்டதையும் மலரில் சேர்க்கச் சொன்னார்கள். "அண்ணா, இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருந்திருந்தா 22-க்கு ஏறியிருப்பீங்களா?"

3,300 வேண்டும். என்னிடம் 2,700 இருந்தது. நூற்றுக்கு 12 என்ற என் சராசரியை வைத்துப் பார்த்தால், 3,300-ஏ போதாது. அதுவும் 800 போட்டிச் சராசரி, அதை நம்பவே இன்னும் சில நூறு போட்டி வேண்டும். "இல்லப்பா, ஏறியிருக்க மாட்டேன்" என்றேன். "செப்டம்பர் மாதிரி இன்னொரு வாரம் வந்திருந்தா?" என்று விடாமல் கேட்டார்.

அந்தத் தம்பிக்கு என்ன பதில் சொல்வது என்று அங்கே எனக்குத் தெரியவில்லை, சிரித்துவிட்டு உட்கார்ந்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து பார்க்கலாம். 2017 செப்டம்பர் பக்கத்தில் சிவப்பு மையில் பெரிதாக 1,700 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.